மியூசிக்கலை எழுதியது யார்? பெயர்ப்பட்டியலுக்குப் பின்னால் தேடுவது எப்படி

அமெரிக்க மேடை நாடகத்தின் பெரிய விருதான டோனியில் சிறந்த மியூசிக்கலை அறிவித்ததும் மேடைக்கு ஒரு கூட்டமே ஏறி வரும். அதில் மெட்டுப் போட்டவர் யார், பணம் போட்டவர் யார் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. இணையத்தில் தேடினால் தலைசுற்றல் கூடும். ஒரே பாட்டுக்கு ஓரிடத்தில் ஒருவர் பெயர் இருக்கும், இன்னோரிடத்தில் இருவர் பெயர் இருக்கும். பழைய நிகழ்ச்சிக் கையேட்டில் இருந்த பெயர் புதியதில் காணாமல் போயிருக்கும்.

இந்தக் குழப்பம் எல்லாமே தகவல் பிழையால் வருவதில்லை. நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளைச் சேர்த்துச் சொல்லும் பெயர் பிராட்வே. அங்கே பெயர்ப்பட்டியல் என்பதே ஒரு பேரத்தின் முடிவு. யார் பெயர் எங்கே, எந்த அளவு எழுத்தில் வரும் என்று முகவர்களும் வக்கீல்களும் பேசி ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது அது. வேலையை யார் செய்தார்கள் என்பது வேறு கேள்வி, அதற்கான விடை வேறு காகிதங்களில் இருக்கிறது. எந்தக் காகிதம், எங்கே கிடைக்கும், எவ்வளவு நம்பலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் மூன்று வேலைகள்

மியூசிக்கல் என்பது வசனம், பாட்டு, நடனம் மூன்றும் சேர்ந்து ஒரே கதையைக் கொண்டுபோகும் மேடை நாடகம். இதன் ஆசிரியர்கள் என்று தொழிலில் ஒப்புக்கொள்ளப்படுவது மூன்று வேலைகளைச் செய்தவர்கள்.

1. புக். கதையின் கட்டமைப்பு, காட்சிகளின் வரிசை, வசனம். பாட்டு எந்த இடத்தில் வரவேண்டும் என்பதும் பெரும்பாலும் இதில் அடக்கம். நாடகம் ஓடினால் பாட்டுக்குப் பாராட்டு, விழுந்தால் புக் சரியில்லை என்ற பேச்சு. நன்றி கெட்ட வேலை.

2. இசை. மெட்டும், அதற்கான பியானோ ஒத்திசையும்.

3. வரிகள். இசையும் வரிகளும் சேர்ந்தால் ஸ்கோர்.

மூன்றையும் ஒருவரே செய்வதும் உண்டு. 2015இல் பிராட்வேக்கு வந்த 'ஹாமில்டன்' நாடகத்தில் மூன்றுக்கும் லின் மனுவேல் மிராண்டா பெயர்தான். லண்டனில் 1960இல் வந்த 'ஆலிவர்!' முழுக்க லயோனல் பார்ட்டுடையது. ஆனால் பார்ட்டுக்கு இசைக்குறியீடு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அவர் பாடிக் காட்ட மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லினும் அப்படித்தான். பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே வாசிப்பார். சுருதியை மாற்ற விசை வைத்த தனிப் பியானோ ஒன்று வைத்திருந்தார். தாளில் எழுதியவர்கள் அவருடைய இசைச் செயலாளர்கள். 'இசை: இன்னார்' என்ற ஒற்றை வரியைப் படிக்கும்போதே, தாளில் எழுதிய கை யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுவிட வேண்டும்.

பட்டியலில் கீழே நிற்பவர்கள்

ஆர்கெஸ்ட்ரேட்டர் என்பவர், இசையமைப்பாளர் பியானோவுக்கு எழுதித் தந்ததை வாத்தியக்குழுவுக்குப் பிரித்து எழுதுபவர். எந்த இடத்தில் வயலின், எங்கே டிரம்பெட், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை எந்த வாத்தியம் நிரப்பும் என்பதெல்லாம் அவர் முடிவு. இசையமைப்பாளரே இதைச் செய்யாததற்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம், நேரமும் இருக்காது. ஒத்திகை நடக்கும்போதே பாட்டுகள் சேரும், போகும், நடிகையின் குரலுக்கு ஏற்பச் சுருதி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுநாளே முழு வாத்தியக்குழுவுக்கும் புதுத் தாள் போயாக வேண்டும். 'ஓக்லஹோமா!', 'சவுத் பசிபிக்', 'தி கிங் அண்ட் ஐ' ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்தவர் ராபர்ட் ரஸ்ஸல் பென்னட். அந்தக் காலத்து பிராட்வேயின் ஒலி என்று நாம் அடையாளம் காணும் ஒலியில் பெரும்பங்கு அவருடையது. ஆர்கெஸ்ட்ரேஷனுக்கு என்று தனி டோனி விருது வந்ததோ 1997இல்தான். அதை முதலில் வாங்கியவர், 'டைட்டானிக்' மியூசிக்கலுக்காக ஜோனதன் டியூனிக்.

அவசரம் அதிகமானால் பட்டியலில் பெயர் இல்லாத இரண்டு மூன்று பேர் வந்து பக்கங்களைப் பகிர்ந்து எழுதிக் கொடுப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அசல் தாள்களில் உள்ள கையெழுத்தைப் பார்ப்பது.

நடன இசை ஒழுங்கமைப்பாளர் இன்னும் மறைவான ஆள். ட்ரூட் ரிட்மன் என்ற ஜெர்மானியப் பெண்மணி இதற்குச் சரியான உதாரணம். 'தி கிங் அண்ட் ஐ' (1951) நாடகத்தின் நடுவே, சயாம் அரண்மனையில் நடிக்கப்படும் நீண்ட பாலே ஒன்று வரும். நாடகத்தின் இசை என்ற இடத்தில் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் பெயர் மட்டுமே இருக்கும். ஆனால் அந்த பாலேவின் இசையில் பெரும்பகுதியை நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸோடு உட்கார்ந்து உருவாக்கியவர் ரிட்மன். ராட்ஜர்ஸின் மெட்டுகளை நீட்டி, மாற்றி அமைப்பதுதான் ஒழுங்கமைப்பு என்ற சொல்லுக்கு வழக்கமான பொருள். இங்கே நடந்தது அதைத் தாண்டியது.

நடன அமைப்பாளர்களின் கதை கொஞ்சம் வேறு. பெயர் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் நடன ஆக்கங்கள் என்ற வகை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான், அது நடைமுறைக்கு வந்தது 1978இல். அதற்கு முன்பே ஹன்யா ஹோம் 1952இல் தன்னுடைய 'கிஸ் மீ, கேட்' நடனங்களை லபநோட்டேஷன் என்ற நடனக் குறியீட்டில் எழுதவைத்துப் பதிவு செய்தார். ஆக, பழைய நாடகம் ஒன்றின் நடனத்தை அப்படியே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பதிவேட்டில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஆடியவர்களின் நினைவும் புகைப்படங்களும்தான் துணை.

பேரம் எப்படி வரலாற்றை மாற்றுகிறது

திரைப்படத்தில் எழுத்தாளர் கதையைப் பொதுவாக நிறுவனத்துக்கு விற்றுவிடுவார். அமெரிக்க மேடையில் அப்படி இல்லை. ஆசிரியர்கள் பதிப்புரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, அரங்கேற்றும் உரிமையை மட்டும் தயாரிப்பாளருக்குத் தருவார்கள். இந்த ஏற்பாட்டைக் காத்துவருவது டிராமடிஸ்ட்ஸ் கில்ட் என்ற நாடக ஆசிரியர் சங்கம். இதன் விளைவு பெரியது. ஆசிரியர் என்று பெயர் போட்டால் வாழ்நாளுக்கும் அதற்குப் பின்னும் ராயல்டி வரும். அதனால் ஒரு பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் வெறும் மரியாதைப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை, காசுப் பிரச்சினையாகிவிடுகிறது. நான்கு உதாரணங்களைப் பார்த்தால் இது விளங்கும். ஒன்றுதான் நீதிமன்றம் வரை போனது.

1. 'கைஸ் அண்ட் டால்ஸ்' (1950). புக் என்ற இடத்தில் ஜோ ஸ்வெர்லிங், ஏப் பர்ரோஸ் என்று இரண்டு பெயர்கள். முதலில் எழுதியவர் ஸ்வெர்லிங். அது தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்காமல் பர்ரோஸை அழைத்தார்கள். பர்ரோஸ் தரப்புக் கணக்குப்படி, மேடையேறிய வசனம் முழுக்க அவருடையது. ஃப்ராங்க் லெஸ்ஸர் பாட்டுகளைப் பெரும்பாலும் முடித்துவிட்டதால், இருக்கும் பாட்டுகளுக்கு இடையே காட்சிகளைப் பொருத்த வேண்டியிருந்ததாம். ஸ்வெர்லிங்கின் ஒப்பந்தம் அவர் பெயரைக் காப்பாற்றியது, அதுவும் முதல் பெயராக.

2. 'சவுத் பசிபிக்' (1949). இயக்குநர் ஜோஷுவா லோகன் ராணுவத்தில் இருந்தவர். வரிகளோடு புக்கையும் எழுத வேண்டியிருந்த ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனுக்கு ராணுவப் பேச்சு வழக்கு பிடிபடவில்லை. பென்சில்வேனியாவில் உள்ள ஹாமர்ஸ்டைனின் பண்ணை வீட்டுக்குப் போய், இருவரும் சேர்ந்து ஒலிப்பதிவுக் கருவியில் வசனம் சொல்லிச் சொல்லி எழுதியதாக லோகன் பின்னாளில் எழுதினார். புக்கில் இணை ஆசிரியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. பதிப்புரிமையில் பங்கு கிடைக்கவில்லை. 1950இல் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டபோது முதலில் அவர் பெயரே விடுபட்டு, பிறகு சேர்க்கப்பட்டது.

3. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1957). இது எதிர்த் திசையில் நடந்தது. வாஷிங்டனில் முன்னோட்டமாக அரங்கேறியபோது வரிகளுக்கு, இசையமைத்த லெனார்ட் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் சோன்ட்ஹைம் என இருவர் பெயரும் இருந்தன. சோன்ட்ஹைமுக்கு அப்போது வயது 27, பிராட்வேயில் அதுதான் முதல் வாய்ப்பு. பெர்ன்ஸ்டைன் தன் பெயரை விலக்கிக்கொண்டு வரிகள் என்ற இடத்தை முழுவதும் சோன்ட்ஹைமுக்கே விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு நாடகத்துக்கு இரண்டு பட்டியல்கள் இணையத்தில் சுற்றுவதன் காரணம் இதுதான். இரண்டுமே உண்மையான கையேட்டிலிருந்து எடுத்தவை.

4. 'ரென்ட்' (1996). இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். புக், இசை, வரிகள் மூன்றும் எழுதிய ஜோனதன் லார்சன், முதல் முன்னோட்டக் காட்சிக்குச் சற்று முன்பு, ஜனவரி 25 அன்று திடீரென்று இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு, நாடகத்தை முதலில் மேடையேற்றிய நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப், லின் தாம்சன் என்பவரை டிராமடர்காக அமர்த்தியிருந்தது. டிராமடர்க் என்பவர் பிரதியைப் படித்து, எங்கே தொய்கிறது, எந்தப் பாத்திரம் நிற்கவில்லை என்று ஆசிரியரோடு உட்கார்ந்து சரிசெய்ய உதவுபவர். நாடகம் பெரும் வெற்றி பெற்ற பிறகு, பிரதியைத் திருத்தி எழுதியதில் தான் இணை ஆசிரியர் என்று தாம்சன் வழக்குத் தொடுத்து, ஆசிரியர் பங்கில் 16 சதவீதம் கேட்டார்.

1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. காரணம் கவனிக்க வேண்டியது. தாம்சன் எதுவும் செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பதிப்புரிமை பெறத்தக்க பங்களிப்பு கொஞ்சமாவது அவருடையது இருக்கிறது என்பது ஏற்கப்பட்டது. ஆனால் இணை ஆசிரியர்களாக இருக்க இருவருமே எண்ணியிருக்க வேண்டும் என்பது சட்டம். லார்சனுக்கு அந்த எண்ணம் இருந்ததா? பிரதியின் முகப்பில் அவர் தன் பெயரை மட்டுமே போட்டார், முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்திருந்தார் என்று பார்த்து, இல்லை என்றது நீதிமன்றம். பிறகு இரு தரப்பும் வெளியே சமாதானம் ஆனார்கள்.

சட்டத்துக்கு ஆசிரியர் என்றால் உரிமைக்காரர். ஆய்வு செய்கிறவருக்கோ அந்த வரியை எழுதியது யார் என்று தெரிய வேண்டும். தீர்ப்பு முதல் கேள்விக்கு மட்டுமே பதில். இரண்டாவது கேள்விக்கு வழக்கில் தாக்கலான வரைவுகளும் சாட்சியங்களுமே பொக்கிஷம். வழக்கு நடந்த நாடகம் என்றால் ஆய்வாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாழ்க்கையைக் கொடுத்தவர்கள்

இன்னொரு வகையினர் எந்த வேலைப் பெயருக்குள்ளும் அடங்குவதில்லை. 1974 ஜனவரியில் நடன அமைப்பாளரும் இயக்குநருமான மைக்கேல் பென்னட் நடனக் கலைஞர்கள் சிலரைக் கூட்டி, இரவெல்லாம் அவர்கள் சொந்தக் கதைகளைப் பேசவைத்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த நாடாக்களிலிருந்து பிறந்ததுதான் 'எ கோரஸ் லைன்'. 1975இல் தொடங்கி 1990 வரை 6,137 காட்சிகள் ஓடியது. பேசியவர்கள் தங்கள் கதைகளைப் பயன்படுத்திக்கொள்ள ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பின்னால் வருமானத்தில் ஒரு சிறு பங்கு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பேசியவர்களில் ஒருவரான நிக்கலஸ் டான்டே மட்டும் புக்கின் இணை ஆசிரியராகப் பட்டியலில் ஏறினார். மற்றவர்கள் பலர் தங்கள் கதையையே, சில நேரம் இன்னொருவர் கதையை, மேடையில் நடித்தார்கள்.

இந்தப் பழைய கணக்கு இன்னும் முடியவில்லை. 'ஹாமில்டன்' உருவான காலத்தில் ஒத்திகைகளில் உழைத்த முதல் நடிகர் குழு, 2016இல் பேச்சுவார்த்தை நடத்தி லாபத்தில் பங்கு வாங்கியது. செய்திகளில் நடிகர்கள் லாபப் பங்கு கேட்கிறார்கள் என்று வரும்போது பின்னணியில் இருப்பது இந்தக் கேள்விதான்: உருவாக்கும் அறையில் இருந்தவர் எப்போது ஆக்கியவர் ஆகிறார்?

அந்தக் கூட்டம் யார்?

டோனி மேடையில் ஏறும் கூட்டத்துக்கு வருவோம். சிறந்த மியூசிக்கல் விருது தயாரிப்பாளர்களுக்கானது. நாடகத்தின் தலைப்புக்கு மேலே அச்சாகும் பெயர்களில் முதல் சில பேர்தான் அன்றாடம் நாடகத்தை நடத்துபவர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட தொகையைப் போட்டவர்கள் அல்லது திரட்டித் தந்தவர்கள். அந்தத் தொகைக்கு ஈடாகப் பெயர் போடுவது ஒப்பந்தத்தில் இருக்கும்.

யார் உண்மையில் நடத்துகிறார்கள் என்று பார்க்க அதிகம் பேர் தொடாத ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனி நிறுவனம் தொடங்கித்தான் முதலீடு திரட்டுவார்கள். அப்படித் திரட்டும் பல நிறுவனங்கள் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் 'ஃபார்ம் டி' என்ற படிவத்தைத் தாக்கல் செய்கின்றன. ஆணையத்தின் 'எட்கர்' தளத்தில் அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பொறுப்பாளர்களின் பெயரும் திரட்ட உத்தேசித்த தொகையும் அதில் இருக்கும். நிறுவனத்தின் பெயர் நாடகத்தின் பெயரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் கையேட்டிலிருந்து தயாரிப்பாளர் பெயரை எடுத்துத் தேடுவது நல்லது.

எங்கே தேடுவது

ஆதாரங்களை நம்பகத்தன்மைப்படி வரிசைப்படுத்துவது எளிதல்ல. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு மட்டும் நல்ல பதில் தரும்.

நிகழ்ச்சிக் கையேடு. பிராட்வேயில் இதை 'ப்ளேபில்' என்பார்கள். பெயர்ப்பட்டியலுக்கு முதல் ஆதாரம் இதுவே, ஆனால் தேதி முக்கியம். முன்னோட்டக் காட்சியின் கையேடு, தொடக்க இரவுக் கையேடு, ஓராண்டு கழித்த கையேடு மூன்றும் மூன்று கதை சொல்லலாம். பிராட்வே லீக் நடத்தும் ஐபிடிபி என்ற தரவுத்தளம் தொடக்க இரவுப் பட்டியலுக்கு நல்லது. பிராட்வேயையும் சுற்றுப்பயணக் காட்சிகளையும் தாண்டியவை பெரும்பாலும் அதில் கிடைக்காது. ஆஃப் பிராட்வே என்னும் சிறு அரங்குகளுக்கு லார்ட்டல் ஆவணத் தளத்தைப் பார்க்க வேண்டும்.

வெளியூர் முன்னோட்டங்கள். நியூயார்க்குக்கு வரும் முன் நியூ ஹேவன், பாஸ்டன், பிலடெல்பியா போன்ற ஊர்களில் நாடகத்தை ஓட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். வெட்டப்பட்ட பாட்டுகளும் காணாமல் போன பெயர்களும் அந்த ஊர்க் கையேடுகளில் உயிரோடு இருக்கும். ஆனால் 1943 மார்ச் மாத நியூ ஹேவன் பத்திரிகைகளில் 'ஓக்லஹோமா!' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அங்கே அந்த நாடகத்தின் பெயர் 'அவே வி கோ!'.

பதிப்புரிமைப் பதிவேடுகள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய அட்டவணைகள் மின்வடிவில் கிடைக்கின்றன. 1978க்குப் பிந்தையவற்றை நேரடியாக இணையத்தில் தேடலாம். பாட்டு எப்போது பதிவானது என்பதற்கு உறுதியான ஆதாரம். புனைபெயரில் ஏமாறாமல் இருக்க வேண்டும். 1921இல் வந்த ஒரு நாடகத்துக்கு வரிகள் எழுதிய ஆர்தர் ஃபிரான்சிஸ் வேறு யாருமில்லை, ஐரா கெர்ஷ்வின்தான். இசையமைப்பாளரான தம்பி ஜார்ஜின் புகழ் வெளிச்சத்தில் தான் ஏறி நிற்கக் கூடாது என்று, இன்னொரு தம்பியின் பெயரையும் தங்கையின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் பிரதிகள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் இசைப் பிரிவில் கெர்ஷ்வின் சகோதரர்கள், ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன், பெர்ன்ஸ்டைன், லார்சன் ஆகியோரின் காகிதங்கள் இருக்கின்றன. நியூயார்க் பொது நூலகத்தின் லிங்கன் சென்டர் கிளையில் பில்லி ரோஸ் நாடகப் பிரிவு இருக்கிறது. 1970இல் பெட்டி கார்வின் தொடங்கிய காட்சிப்பதிவு ஆவணமும் அங்கேதான். நாடகங்களை அரங்கிலேயே படம்பிடித்து வைத்திருக்கிறார்கள், நேரில் போய்த்தான் பார்க்க முடியும். எதிர்பாராத இடத்திலிருந்தும் காகிதம் வரும். நியூ ஜெர்சியின் சிகாகஸில் வார்னர் பிரதர்ஸ் இசைப் பதிப்பகத்தின் கிடங்கு ஒன்றில், 1982இல் பெட்டி பெட்டியாக கெர்ஷ்வின், கெர்ன், போர்ட்டர், ராட்ஜர்ஸ் ஆகிய இசையமைப்பாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் கண்டெடுக்கப்பட்டன. தொலைந்தே போயின என்று நினைத்த தாள்கள் பல அதில் இருந்தன.

லண்டனின் தணிக்கைக் கோப்புகள். இது ஒரு தனி வரம். பிரிட்டனில் 1968 வரை எந்த நாடகத்தையும் மேடையேற்றும் முன் பிரதியை லார்ட் சேம்பர்லெய்ன் அலுவலகத்துக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1824 முதல் சேர்ந்த அந்தப் பிரதிகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் பிரதி கிடைக்காத மியூசிக்கல் லண்டனில் ஓடியிருந்தால் இங்கே பார்க்கலாம். தணிக்கை செய்தவரின் குறிப்புகளும் சேர்ந்தே கிடைக்கும், படிக்கச் சுவாரசியமாகவே இருக்கும். தணிக்கை நீங்கிய மறுநாளே, 1968 செப்டம்பர் 27 அன்று, லண்டனில் 'ஹேர்' அரங்கேறியது.

நினைவுக் குறிப்புகள். பர்ரோஸும் லோகனும் சொன்னதை மேலே பார்த்தோம். இருவருமே தங்கள் பங்கைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். பொய் என்று தள்ளவும் வேண்டாம், ஒற்றைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

உரிம நிறுவனங்களின் பட்டியல். பள்ளிகளுக்கும் அமெச்சூர் குழுக்களுக்கும் நாடகத்தைத் தரும் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் எப்படிப் பெயர் போட வேண்டும் என்று சொல்லும். அது இன்றைய ஒப்பந்த நிலவரம். முதல் அரங்கேற்றத்துக்கு அதை ஆதாரமாகக் காட்டினால் தப்பாகிவிடும், ஏனென்றால் மறு அரங்கேற்றங்களுக்காக புக்கைத் திருத்தி எழுதியவர்களின் பெயரும் அதில் கலந்திருக்கும்.

ஒரு பாட்டை வைத்துச் செய்து பார்ப்போம்

'ஷோ போட்' (1927) நாடகத்தில் ஹெலன் மார்கன் பாடிப் புகழ்பெற்ற பாட்டு 'பில்'. இசை ஜெரோம் கெர்ன், புக்கும் வரிகளும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் என்பது எல்லோருக்கும் தெரிந்த பட்டியல். அப்படியானால் இதன் வரிகளும் ஹாமர்ஸ்டைன்தானே?

1. பாட்டின் வயதைத் தேடுங்கள். நாடகத்தின் ஆண்டை வைத்துப் பாட்டின் ஆண்டை முடிவு செய்யாதீர்கள். 'பில்' 1918இல் 'ஓ, லேடி! லேடி!!' என்ற நாடகத்துக்காக எழுதப்பட்டு, அரங்கேறும் முன்பே வெட்டப்பட்டது. வெட்டப்பட்ட பாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வேறு நாடகத்தில் சொருகுவது அந்தக் காலத்தில் சாதாரணம்.

2. அந்தப் பழைய நாடகத்தின் குழுவைப் பாருங்கள். கெர்ன், கை போல்டன், பி.ஜி. வுட்ஹவுஸ். ஆமாம், ஜீவ்ஸ் கதைகள் எழுதிய அதே வுட்ஹவுஸ். வரிகள் அவருடையவை.

3. இரண்டு வடிவங்களையும் ஒப்பிடுங்கள். 1927க்காக ஹாமர்ஸ்டைன் சில வரிகளை மாற்றியிருக்கிறார். ஆக, 'வுட்ஹவுஸ் எழுதியது, ஹாமர்ஸ்டைன் திருத்தியது' என்பதுதான் சரியான விவரணை.

4. எதிர்த்தரப்புச் சாட்சி கிடைக்கிறதா பாருங்கள். பெருமையை வாங்கிக்கொள்ளக் கூடியவரே மறுத்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1946 மறு அரங்கேற்றத்தின் கையேட்டில், இந்தப் பாட்டின் வரிகள் வுட்ஹவுஸுடையவை என்று ஹாமர்ஸ்டைன் தானே குறிப்புப் போடவைத்தார்.

இதே 'ஷோ போட்' நாடகத்தில் கோரஸ் குரல்களுக்கு ஒழுங்கமைப்புச் செய்தவர் வில் வோடரி என்ற கறுப்பின இசைக்கலைஞர். அதன் தயாரிப்பாளர் ஜீக்ஃபீல்டின் நாடகங்களுக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 'பில்' பாட்டின் ஆசிரியரைத் தெரிந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு வோடரியைத் தெரியும்? அவருக்காகக் கையேட்டில் குறிப்புப் போடச் சொல்ல யாரும் இருக்கவில்லை. மேலே சொன்ன நாலு படிகளும் பெயர் உள்ளவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். வோடரி, ரிட்மன் போன்றவர்களுக்கு வாத்தியக்காரர்களின் தாள்கள், சங்கப் பதிவுகள், கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் என்று சுற்றித்தான் வர வேண்டும்.

பட்டியல் சொல்லாமல் விடும் முடிவுகளும் உண்டு. 'ஆனி கெட் யுவர் கன்' (1946) நாடகத்தின் யோசனையே டாரதி ஃபீல்ட்ஸுடையது. ஜெரோம் கெர்ன் இசைக்கு அவரே வரிகள் எழுதுவதாகத்தான் ஏற்பாடு. 1945 நவம்பரில் கெர்ன் இறந்துவிட, இசைக்கும் வரிகளுக்கும் சேர்த்து இர்விங் பெர்லின் வந்தார். ஃபீல்ட்ஸ் வரிகளை விட்டுக்கொடுத்து, சகோதரர் ஹெர்பர்ட்டோடு புக்கை மட்டும் எழுதினார். பட்டியலில் இருப்பது ஒரு சாதாரண புக் ஆசிரியரின் பெயர்.

காகிதம் தீர்ந்த பிறகு

1990களுக்குப் பிறகு வரைவுகள் கணினிக்குப் போய்விட்டன. லார்சனின் ஃப்ளாப்பி வட்டுகள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த டக் ரிசைட் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். லார்சன் பயன்படுத்திய வேர்ட் மென்பொருளில் 'ஃபாஸ்ட் சேவ்' என்றொரு வசதி உண்டு. நேரம் மிச்சமாக, கோப்பு முழுவதையும் திரும்ப எழுதாமல் மாற்றங்களை மட்டும் கடைசியில் சேர்த்துவைக்கும். அதனால் அழித்த வரிகள் கோப்புக்குள்ளேயே தங்கிவிட்டன. வேர்டில் திறந்தால் ஒரு வரி, சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால் அதற்கு முந்தைய வரி.

எந்த வரி எப்போது உள்ளே வந்தது, எது போனது என்பதை இப்படி ஓரளவு வரிசைப்படுத்திவிடலாம். ஆனால் 1995இல் லார்சனும் தாம்சனும் ஒரே அறையில் உட்கார்ந்து திருத்தியபோது, ஒரு வரியை முதலில் வாய்விட்டுச் சொன்னது யார் என்பதைக் கோப்பு சொல்லாது. அதற்கு விசாரணைச் சாட்சியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதி தேதியாக ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்.